எண்ணும் சுட்டும்: கோப்புத் திறப்பை வழங்கும் இடைமுகமும் தமிழ்ச் சொல்லாக்கமும்

1. முன்னுரை

இயங்குதளங்களைப் பற்றிய நூல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் தொடர்களுள் ஒன்று 'ஃபைல் டிஸ்கிரிப்டர் பாஸிங்' என்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கோப்பு விவரிப்பியைக் கடத்துதல்' என அமையும். இதில் மூன்று சொற்களுள் இரண்டு பொருளைத் திரிக்கின்றன. 'விவரிப்பி' எதையும் விவரிப்பதில்லை. அது ஒரு சிறு முழு எண் மட்டுமே. கடத்தப்படுவதாகச் சொல்லப்படும் பொருளும் அனுப்பியவரை விட்டு நீங்குவதில்லை. இவ்வமைப்பின் இயக்கத்தை விளக்கி, அதற்குப் பொருந்தும் தமிழ்ச் சொற்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இடஞ்சார்ந்த எண்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைச் செயலாக்கம் என்பர். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், ஒவ்வொரு செயலாக்கத்திற்கும் உட்கரு (கர்னல்) தனி அட்டவணை ஒன்றை வைத்துள்ளது. கோப்பொன்றைத் திறக்கும்போது, அவ்வட்டவணையில் காலியாக உள்ளவற்றுள் மிகச் சிறிய எண் அதற்கு அளிக்கப்படும். 0, 1, 2 ஆகியன முறையே உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றுக்கு மரபாக உரியன. ஆதலின் முதலில் திறக்கப்படும் கோப்பு பெரும்பாலும் 3 என்னும் எண்ணைப் பெறும்.

இவ்வெண்ணின் இயல்பைப் பெங்களூர்த் தெருப் பெயர்களைக் கொண்டு எளிதில் உணரலாம். தமிழர் செறிந்து வாழும் ஸ்ரீராம்புரத்தில் ஒருவர் 'மூன்றாவது கிராஸ்' என்றால் அது அப்பகுதியின் ஒரு தெருவைக் குறிக்கும். அண்டையிலுள்ள மல்லேசுவரத்தில் அதே தொடர் வேறொரு தெருவைக் குறிக்கும். தொடர் ஒன்றே, அது சுட்டும் பொருளோ வழங்கும் இடத்தால் வேறுபடுகிறது. 'நான்', 'இங்கே' முதலிய சொற்களின் சுட்டுத்தன்மையும் இத்தகையதே.

எனவே ஒரு செயலாக்கம் '3' என்னும் எண்ணைச் செய்தியாக மற்றொன்றுக்கு அனுப்பினால் பயனில்லை. பெறுவது தன் அட்டவணையின் 3-ஐயே காணும். அங்கு ஒன்றும் இல்லையெனில் பிழைச்செய்தி வரும். வேறொரு கோப்பு இருப்பின், எவ்வித எச்சரிக்கையுமின்றித் தவறான கோப்பில் எழுத்துகள் பதியும்.

3. மூன்று அடுக்குகள்

எண், திறப்பு, கோப்பு என மூன்று அடுக்குகளை இங்குப் பிரித்தறிதல் வேண்டும். எண் செயலாக்கத்திற்கு உரியது. அது உட்கருவிலுள்ள திறப்பு நிலையைச் சுட்டும். திறப்பு நிலை வட்டிலுள்ள கோப்பைச் சுட்டும். எதுவரை படிக்கப்பட்டது என்னும் குறிப்பு இடையிலுள்ள அடுக்கிலேயே உள்ளது. ஒரே திறப்பைச் சுட்டும் இரு செயலாக்கங்களுள் ஒன்று 100 பைட்டுகளைப் படித்தால், மற்றது 101-ஆம் பைட்டிலிருந்தே தொடரும். ஒரே புத்தகத்தை ஒரே அடையாளத் தாளுடன் இருவர் படிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். போசிக்ஸ் தரநிலை எண்ணை 'ஃபைல் டிஸ்கிரிப்டர்' என்றும், திறப்பு நிலையை 'ஓப்பன் ஃபைல் டிஸ்கிரிப்ஷன்' என்றும் குறிக்கிறது. ஆங்கிலத்திலேயே மயக்கம் தரும் இவ்விணையைத் தமிழில் 'விவரிப்பி', 'விவரிப்பு' என ஆக்கினால் மயக்கம் மிகும்.

4. வழங்கும் முறைகள்

ஒரு செயலாக்கம் 'ஃபோர்க்' அழைப்பால் சேய்ச் செயலாக்கத்தைப் படைக்கும்போது, திறப்புகள் அதே எண்களுடன் சேய்க்கு மரபுரிமையாகச் செல்கின்றன. உறவற்ற செயலாக்கங்களுக்கு வேறு வழி தேவை. அதனை 1983-இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. அளித்தது. ஒரே கணினிக்குள் செய்தி அனுப்பும் சாக்கெட் வழியே, செய்தியுடன் இணைப்பாகத் திறப்பையும் அனுப்ப அது இடம் தந்தது. அனுப்புவோர் தரும் எண்ணுக்குரிய திறப்பை உட்கரு கண்டறிந்து, வழியில் காத்து, பெறுவோர் அட்டவணையில் புதிய எண்ணிடுகிறது. அனுப்பியவர் தம் எண்ணை உடனே மூடினும் திறப்பு அழிவதில்லை; மூடாவிடில் இருவரிடமும் நிற்கும்.

விண்டோஸ் இயங்குதளத்தில் அனுப்புவோரே பெறுவோர் அட்டவணையில் கைப்பிடியை இட்டுவிடலாம். ஆனால் அதன் மதிப்பைத் தனியே அறிவித்தல் வேண்டும். 2020-இல் வெளியான லினக்ஸ் 5.6, உரிய அனுமதியுடைய செயலாக்கம் பிறிதொன்றின் திறப்புக்குத் தனக்கெனப் படியெடுக்கும் அழைப்பைச் சேர்த்தது. இம்மூன்றையும் முறையே கொடுத்தல், இடுதல், எடுத்தல் எனலாம். தருதல், கொடுத்தல் ஆகியவற்றைப் பெறுவோரின் இடம் நோக்கி வேறுபடுத்திய தொல்காப்பிய மரபினர்க்கு இப்பாகுபாடு புதிதன்று.

முதல் முறைக்கும் இடர்ப்பாடு உண்டு. ஒரு சாக்கெட்டைத் தன்னுள்ளேயே அனுப்பிவிட்டு எல்லா எண்களையும் மூடினால், எவரும் அடையமுடியாத திறப்பு உட்கருவில் தேங்கும். இத்தகையவற்றைத் தேடி நீக்கும் தனிப்பகுதி லினக்ஸ் உட்கருவில் உள்ளது.

5. உரிமையும் பாதுகாப்பும்

சொல்லாக்கம் இங்கு நடை பற்றிய சிக்கல் மட்டுமன்று. கோப்புக்குரிய அனுமதி திறக்கும்போதே சோதிக்கப்படுகிறது. பின்னர் அத்திறப்பைப் பெறுவது, தானே திறக்க உரிமையற்ற செயலாக்கமாயினும், அதனைப் படிக்க இயலும். பி.எஸ்.டி. இதனை 'அணுகுரிமை' என்னும் பொருள்பட வழங்கியதற்குக் காரணம் இதுவே. இணைய உலாவிகள் ஐயத்திற்குரிய பக்கங்களைக் கையாளும் பகுதியை உரிமையற்ற செயலாக்கமாக ஒதுக்கி, வேண்டிய திறப்புகளை மட்டும் அதற்கு அளிப்பதும் இந்த அடிப்படையிலேதான். 'விவரிப்பியைக் கடத்துதல்' எனப் படிப்பவர், கோப்பைப் பற்றிய குறிப்பே செல்கிறது எனக் கொள்வார். உண்மையில் செல்வது உரிமை.

6. முடிவுரை

எண்ணைத் 'திறப்பெண்' என்றும், இடையடுக்கைத் 'திறப்பு' என்றும், செயலைத் 'திறப்பு வழங்கல்' என்றும் குறிக்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. 'கடத்தல்' களவை நினைவூட்டும். 'அனுப்புதல்' நீக்கத்தை உணர்த்தும். உரிமை வழங்குபவர் அதனை இழக்கவேண்டுவதில்லை என்பதால் 'வழங்கல்' பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் 'திறப்பு' சாவியைக் குறிக்கும். அங்குள்ள வாசகர்க்கு இச்சொல் உரிமைப் பொருளை மேலும் தெளிவாக்கும். ஆனால் சாவியைக் கொடுத்தவர் கையில் அது இராது என்னும் வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் முதலிடத்திலேயே விளக்கிவிடுதல் நலம்.