விற்பனை உண்டு, பிரபல்யம் இல்லை: கொரியப் பொப்பிசையின் புதிய குழுக்கள் குறித்து

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சில மாதங்களாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் அறிமுகமான எக்ஸோ, பி.ரி.எஸ். ஆகிய கொரியக் குழுக்களின் பாட்டுக்களோடு வளர்ந்தவள் மூத்த மகள். இளையவளோ கடந்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் வந்த குழுக்களின் ரசிகை. "உன்ரை ஆக்களின்ரை பாட்டு ஒண்டையாவது அப்பாவுக்குத் தெரியுமோ, கேள் பாப்பம்" என்றாள் மூத்தவள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'கங்னம் ஸ்டைல்' தெரியும். 'டைனமைட்' பாடல்கூட வேலைத்தலத்து வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது. "பாத்தியே, இப்ப வாற ஆக்களிட்டைச் சரக்கில்லை" என்று தீர்ப்பையும் அவளே வழங்கிவிட்டாள்.

இந்தத் தீர்ப்பின் தொனி எனக்குப் புதிதல்ல. புகலிடச் சஞ்சிகைகளில் புதிதாக எழுத வருபவர்களைப் பற்றி என் வயதுக்காரர் பேசுவதும் இதே தொனியில்தான். ஒருகாலத்தில் பொருளியல் கற்பித்தவன் நான். இப்போது மட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தின் முன் நிற்கிறேன். இரண்டு இடங்களிலும் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஒரு பண்டத்தின் கதியை அந்தப் பண்டத்துக்குள் மட்டும் தேடக்கூடாது. அது உற்பத்தியாகும் முறையையும் விற்கப்படும் முறையையும் பார்க்கவேண்டும்.

பிரபல்யம் என்று நாம் விற்பனையைக் கருதினால் மூத்தவளின் வழக்குத் தோற்றுவிடும். 2009இல் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழுவின் 'ஜீ' என்ற பாடல் கே.பி.எஸ். தொலைக்காட்சியின் வாராந்த இசை நிகழ்ச்சியில் தொடர்ந்து 9 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்நாட்டில் அதனை அறியாதவர் இல்லை. எனினும் அக்காலத்தில் ஓர் இசைத்தொகுப்பு ஓரிரு இலட்சம் பிரதிகள் விற்றாலே அது ஆண்டின் பெரிய விற்பனைகளுள் ஒன்று. 2023இல் அறிமுகமான சீரோபேஸ்வண் குழுவின் முதலாவது தொகுப்போ முதல் வாரத்திலேயே 18 இலட்சத்தைத் தாண்டியது. தென்கொரிய விற்பனைப் பட்டியல்களில் அவ்வாண்டு பதிவான தொகுப்புகள், வெளிநாடுகளுக்குப் போனவையும் சேர்த்து, 10 கோடிக்கும் அதிகம். நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 5 கோடி. ஆகவே பிரதிகளை அள்ளி விற்கும் குழுவைத் தெருவில் போகிறவருக்குத் தெரியாது. அதில் ஒரு சிறு பங்கை விற்ற குழுவை எல்லோருக்கும் தெரியும். விளக்கம் வேண்டிநிற்பது இந்த முரண்பாடே.

முதற் காரணம், எல்லோரும் கூடிக் கேட்ட பொது முற்றம் இல்லாமற் போனமை. 1992இல் சோ தேஜி அன்ட் பொய்ஸ் என்ற மூவர் குழு எம்.பி.சி. தொலைக்காட்சியின் திறமைகாண் நிகழ்ச்சி ஒன்றில் ஆடிப் பாடியது. நடுவர்கள் மிகக் குறைந்த புள்ளிகளே கொடுத்தார்கள். ஆனால் நாடு பார்த்துக்கொண்டிருந்தது, குழு வென்றது. 1995இல் லீ சூ-மான் எஸ்.எம். கொம்பனியைத் தொடங்கி, 1996இல் எச்.ஓ.ரி. குழுவை அறிமுகம் செய்தபோதும் கே.பி.எஸ்., எம்.பி.சி., எஸ்.பி.எஸ். என்ற மூன்று அலைவரிசைகளே நாட்டின் கண்ணும் காதும். பேரப்பிள்ளைக்காகப் போட்ட நிகழ்ச்சியைப் பாட்டியும் பார்த்தார். விரும்பாதவருக்கும் பாட்டுத் தெரிந்திருந்தது. இதைத்தான் பிரபல்யம் என்கிறோம்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு திரை. அது அவரவர் ஏற்கனவே விரும்பியதையே மேலும் மேலும் கொண்டுவந்து கொடுக்கிறது. தொலைக்காட்சிக்கு முன் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் முதியோர். 'ட்ரொட்' என்னும் பழைய பாணிப் பாடல்களுக்காக நடத்தப்பட்ட 'மிஸ்டர் ட்ரொட்' போட்டியின் இறுதிச்சுற்றை 2020இல் 35 வீதத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பொது முற்றம் முழுதாக அழியவில்லை. இளையோர் அங்கிருந்து எழுந்து போய்விட்டார்கள். இளையோரின் தொகையும் குறைந்துவிட்டது. 1992இல் தென்கொரியாவில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 7,30,000. 2023இல் ஏறத்தாழ 2,30,000. உள்நாட்டு இளையோரை மட்டும் நம்பி இனி எந்தக் கொம்பனியும் பிழைக்கமுடியாது.

இரண்டாவது காரணம் இதிலிருந்தே பிறக்கிறது. பலருக்குத் தெரிந்திருப்பதைக் காட்டிலும் சிலர் பல தடவை வாங்குவது கொம்பனிக்கு இலாபம். இளையவள் வாங்கிய தொகுப்பு ஒன்றைப் பெட்டித் தொழிலாளியின் கண்ணால் ஆராய்ந்தேன். தடித்த மட்டை, மினுங்கும் அச்சு, புகைப்படப் புத்தகம், உறுப்பினர் ஒருவரின் சிறு படஅட்டை. அடியில் ஓர் இறுவட்டு. எங்கள் வீட்டில் இறுவட்டுப் போடும் கருவியே கிடையாது. எவருடைய படம் உள்ளே இருக்கும் என்பது திறக்கும்வரை தெரியாது. வேண்டிய முகம் வராததால் அதே தொகுப்பை இன்னொரு தடவை வாங்கியிருக்கிறாள். கேர்ள்ஸ் ஜெனரேஷனின் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஓ!'வுடன் பரவத் தொடங்கிய இந்த உத்தி இன்று தொழிலின் அச்சாணி. கலைஞரை நேரில் சந்திக்கும் குலுக்கலுக்கு ஒரு பிரதிக்கு ஒரு சீட்டு என்ற ஏற்பாடும் உண்டு.

இப்படி விற்கும்போது பாட்டின் வேலையும் மாறிவிடுகிறது. 'ஜீ' போன்ற பாட்டு அயலவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. இப்போதைய பாட்டு ஏற்கனவே வாங்குகிறவரைக் கைவிட்டுப் போகாமல் வைத்திருந்தால் போதும். இளையவளின் குழுக்கள் எனக்குத் தெரியாமற் போனது அவர்களுக்குத் திறமை இல்லாததால் அல்ல. என்னைப் போன்றவருக்குத் தெரியவேண்டிய தேவை அந்த வியாபாரத்துக்கு இல்லை. ஆனால் இந்தக் கிணற்றுக்கும் அடி உண்டு. 2024இல் மொத்த விற்பனை 10 கோடிக்குக் கீழே இறங்கியது.

மூன்றாவது காரணம் காலம். என் பார்வையில் இதுவே முக்கியமானது. பி.ரி.எஸ். 2013இல் ஒரு சிறிய கொம்பனியிலிருந்து வந்தது. தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியொன்றில் முதற்தடவை வெல்ல 2015வரை காத்திருந்தது. அமெரிக்கத் தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 2018இல். அந்த ஐந்து ஆண்டுகளில் ரசிகரும் குழுவும் சேர்ந்தே வளர்ந்தார்கள். இன்றைய குழு முதல் வார விற்பனையால் அளக்கப்படுகிறது. சீரோபேஸ்வண் போல, தொலைக்காட்சிப் போட்டியில் தெரிவாகும் குழுக்களுக்கு ஒப்பந்தமே குறுகியது. அக்குழுவுக்குத் தொடக்கத்தில் கொடுபட்டது இரண்டரை ஆண்டு. 2017இல் அவ்வாறு உருவான வானா வண் 2018 முடிவோடு கலைந்தது.

முன்னையவர்கள் சொகுசாக வாழ்ந்தார்கள் என்றும் கொள்ளக்கூடாது. ரி.வி.எக்ஸ்.கியூ. குழுவின் மூவர் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2009இல் நீதிமன்றம் போனார்கள். ஏழாண்டு மாதிரி ஒப்பந்தம் வந்ததும் அக்காலத்தில்தான். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எச்.ஓ.ரி. 2001இல் கலைந்தபோது ஓர் இடம் காலியானது. புதியவர்கள் அதில் நுழைந்தார்கள். இன்று பி.ரி.எஸ்., ருவைஸ், பிளக்பிங்க் ஆகியன ஏழாண்டின் பின்னும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டன. அவர்களின் பழைய பாட்டுக்களும் யூரியூப்பில் என்றும் புதிதாகக் கிடக்கின்றன. புதிய குழு தன் சமகாலத்தவரோடு மட்டுமன்றி, முன்னைய முப்பது ஆண்டுகளோடும் போட்டியிடவேண்டியிருக்கிறது.

விதிவிலக்கு இல்லையா? உண்டு. 2022இல் வந்த நியூஜீன்ஸ் ரசிகர் வட்டத்தைத் தாண்டிப் பொதுமக்களின் காதுக்கும் போனது. அதனை முடக்கியது திறமைக்குறைவு அல்ல, முதலாளிகளின் சண்டை. 2024இல் தாய்க்கொம்பனியான ஹைப்புக்கும் குழுவை உருவாக்கிய மின் ஹீ-ஜின்னுக்கும் இடையில் மோதல் வெடித்தது. அவ்வாண்டு நவம்பரில் பிள்ளைகள் ஒப்பந்தம் முறிந்துவிட்டதென அறிவித்தார்கள். 2025 ஒக்டோபரில் சியோல் நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. பாடவேண்டிய வயது வழக்கில் கழிந்தது.

2025இல் உலகெங்கும் அதிகம் பேசப்பட்ட புதிய கொரியக் குழுவுக்கோ உடலே இல்லை. நெற்பிளிக்ஸ் யூன் மாதம் வெளியிட்ட 'கே-பொப் டீமன் ஹன்ரர்ஸ்' என்ற உயிரூட்டப் படத்தின் கற்பனைக் குழு அது. அதன் 'கோல்டன்' பாடல் ஓகஸ்டில் அமெரிக்கப் பாடற் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. பிளக்பிங்க்கூட எட்டாத இடம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே திரையின் முன் சேர்ந்திருந்து பார்த்த படம் என்பதே என் விளக்கம். பொது முற்றம் சிறிது நேரத்துக்கு மீண்டும் கிடைத்தது. ஆனால் கொம்பனிகள் இதிலிருந்து வேறு பாடத்தைப் படிக்கும் என்று அஞ்சுகிறேன். வரைந்த பாடகிக்கு வயது போகாது, அவள் வழக்குப் போடமாட்டாள்.

எங்கள் தொழிற்சாலைக்கு ஆள்பிடிக்கும் முகவர் மூலம் ஆறு மாத ஒப்பந்தத்தில் பெடியள் வருவார்கள். "பழைய ஆக்கள் மாதிரி இவங்களுக்கு வேலை தெரியாது" என்று தேநீர் இடைவேளையில் நாங்கள் சொல்லிக்கொள்வோம். அந்த இயந்திரத்தைப் பழக ஒரு வருடமாவது வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் சொல்கிறோம். சொல்லி முடிப்பதற்குள் ஒப்பந்தம் முடிந்து அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த தொகுதி வரும். பல கொரியக் கொம்பனிகளில் பயிற்சிச் செலவும் தயாரிப்புச் செலவும் மீளும்வரை பாடுகிற பிள்ளைக்குப் பங்கு கிடையாது. அந்தக் கடன் தீருமுன் கலைந்துபோகும் குழுக்களை நோக்கித்தான் 'சரக்கில்லை' என்கிறோம்.

இதை மூத்தவளுக்குச் சொன்னேன். "அதுக்காகப் பிடிக்காத பாட்டைப் பிடிச்சிருக்கெண்டு சொல்லேலுமே அப்பா?" என்றாள். சொல்லத் தேவையில்லை. பிடிக்கவில்லை என்பது ரசனை. அதில் அவளுக்கு முழு உரிமை உண்டு. வளரக் காலம் கொடுக்காமல் வளரவில்லை என்பதுதான் பிழை. கொரியக் குழுக்களுக்கு மட்டுமல்ல, இப்பக்கங்களில் எழுத வரும் இளையவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும்.