கூரைக்கும் ஒரு மூடாக்கு

போன வருஷம் சித்திரையில் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும். எழுந்து பார்த்தால் எங்க அய்யன் வாசலில் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வயசு 78. "உள்ளார அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்குதுடா" என்றார். அதற்கு மூன்றாம் நாள் பகலில் பேச்சு குழறி அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் தெளிந்தார். பல நாளாகத் தூக்கமில்லை, குடித்த தண்ணீரும் பத்தவில்லை, சூடு உடம்பைச் சாய்த்துவிட்டது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, ஊரெல்லாம் போயி இயற்கை விவசாயம்னு பேசறீங்க. மாமாவை இப்படி வேக வெக்கறது எந்த இயற்கையில சேத்தி? நாலு ஆட்ட வித்து ஏசி வாங்கி மாட்டுங்க." பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு கோடை மட்டும் பொறு, அய்யன் உள்ளே படுத்துத் தூங்கவில்லை என்றால் ஆட்டை விற்றுவிடுகிறேன் என்று வாக்கு கொடுத்தேன்.

எங்களுக்கு அரவக்குறிச்சிப் பக்கம். மானாவாரிச் சோளம், கொஞ்சம் முருங்கை, ஆடு. பக்கத்துக் கரூர் பரமத்தியின் பெயரை அக்னி நட்சத்திரத்தில் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த வெயில்தான் எங்களுக்கும். முன்னால் நாட்டு ஓட்டு வீடு இருந்தது. ஓடு பகலில் காயும், பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். சூட்டுக்காற்று ஓட்டுச் சந்து வழியாகவே மேலே போய்விடும். அதை நான்தான் இடித்துவிட்டு கான்கிரீட் போட்டேன். மழைக்கு ஒழுகாது என்ற ஒரே கணக்கு. கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகிற நேரத்துக்கு அதைக் கீழே இறக்கும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனும் கூரையை ஒட்டி நிற்கிற அந்தச் சூட்டுக்காற்றைத்தான் நம் மேல் தள்ளுகிறது.

ஒருநாள் மத்தியானம் முருங்கைக் காட்டில் நின்றபோதுதான் உறைத்தது. தழை மூடாக்கைக் கையால் விலக்கிப் பார்த்தால் மண் குளுகுளுவென்று ஈரமாக இருக்கிறது. ரெண்டு எட்டு தள்ளி மூடாத மண்ணில் கால் வைக்க முடியவில்லை. நம்மாழ்வார் அய்யா காலத்திலிருந்து மூடாக்கு மூடாக்கு என்று பேசுகிறோம், என் தலைக்கு மேல் இருக்கிற கூரை மட்டும் பொட்டலாகக் கிடக்கிறது.

முதலில் சுண்ணாம்பு. கல்சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, வடிகட்டி, கஞ்சித்தண்ணி கலந்து மொட்டை மாடி முழுக்க மூணு தடவை பூசினோம். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். வெள்ளையாக இருப்பதால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடுகிறது. பூசின மறுநாள் மத்தியானமே வெறுங்காலோடு மாடியில் நடக்க முடிந்தது. மழையில் கரையும், வருஷா வருஷம் பங்குனியில் பூச வேண்டும்.

அடுத்தது அய்யன் படுக்கிற அறைக்கு மேலே மட்டும் தென்னந்தடுக்குப் பந்தல். தடுக்கைக் கூரை மேலேயே பரப்பிவிடலாமே என்றார் பங்காளி ஒருவர். வேண்டாம். இடுப்பளவு இடைவெளி இருந்தால்தான் காற்று நடுவில் ஓடிச் சூட்டை எடுத்துப்போகும், தேளும் எலியும் குடியேறாது. அடுப்புப் புகைப்போக்கிக்குப் பக்கத்தில் பந்தல் வரக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். தினமும் சாயங்காலம் மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மணி நேரம் சுகம். அப்புறம் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்த அறை இட்லிக் குண்டான் மாதிரி ஆகிவிட்டது, கூரை விரிசல் வழியாக ஈரமும் இறங்கியது. போர் அத்தனை ஆழத்திலிருந்து இழுக்கிற ஊரில் தண்ணீரைக் குழாய் வழியாகத் தெருவில் விட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட் கரண்டுக்குக் கொஞ்சம் குறைவான அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஓடிப்போகிற தண்ணீர் அவ்வளவு எடுக்காது. ஆகவே மாடியை விட்டுவிட்டு, காற்று வருகிற ஜன்னலில் பழைய வேட்டியை நனைத்துக் கட்டினேன். அரைக் குடம் தண்ணீர் ராத்திரிக்குப் போதும். எங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு இது சரி. நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருக்கிறவர்கள் செய்தால் பிசுபிசுப்புதான் மிஞ்சும், ஏற்கெனவே காற்றில் ஈரம் இருக்கிறதே.

ஜன்னல் விஷயத்தில் நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். பகலில் திறந்து வைத்து அனலை உள்ளே விடுகிறோம், ராத்திரி கொசுவுக்குப் பயந்து சாத்துகிறோம். இப்போது காலை ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டில் ஜன்னல் எல்லாம் அடைத்து, மேற்கு ஜன்னலுக்குச் சாக்குப்படுதா. பொழுது சாய்ந்து, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் எல்லாம் திறப்பு, கம்பிவலை போட்டு. கட்டும்போது கொத்தனார் பூசி அடைத்துவிட்ட வென்டிலேட்டரை உளி வைத்து உடைத்துத் திறந்தேன். மேலே தேங்குகிற சூடு போக வழி வேண்டுமே. டேபிள் ஃபேனை ஜன்னல் ஓரமாக வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளச் செய்தோம். காற்றே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கிற பகலில் ஃபேன் உடம்பைக் காயத்தான் வைக்கும். அந்த நேரத்தில் வயசானவர்களுக்கு ஈரத்துண்டும் நிழலும் தண்ணீரும்தான்.

மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஸ்பாஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுக் கயித்துக் கட்டிலும் கோரைப்பாயும் போட்டேன். மகளுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் மெத்தை முதுகுச் சூட்டை வெளியே விடாது, கயிற்றுக்கடியில் காற்று போகும்.

குஞ்சுக் கூண்டுக்கு வாங்கின தெர்மாமீட்டரை அறையில் தொங்கவிட்டிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு முன்னே 37 காட்டியது, பந்தல் போட்ட பிறகு 33. அன்றைக்கு வாசலில் 31. இது ஒரு வீட்டுக் கணக்குதான், ஆனால் அந்த நாலு டிகிரியில் அய்யன் தூங்கினார். செலவு ஏசி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இந்த வருஷம் தடுக்குக்குப் பதிலாகக் கொடி. தைப்பட்டத்தில் சுவர் ஓரம் குழி எடுத்து, தொழுவுரம் போட்டு, நாட்டுப் பீர்க்கனும் சுரையும் ஊன்றி, கயிறு கட்டி மாடிப் பந்தலில் ஏற்றிவிட்டேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர்தான் பாய்ச்சல். மாடியில் தொட்டி வைத்து மண் நிரப்பவில்லை, பழைய கூரை அத்தனை பாரம் தாங்குமோ என்ற பயம். சித்திரை பிறக்கும்போது பந்தல் மூடிவிட்டது. மேற்குச் சுவரை ஒட்டி அகத்தி நட்டதில் ஆட்டுக்கும் தழை.

எல்லா ராத்திரியும் ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். வைகாசியில் மூட்டம் போட்டு இலை அசையாத நாலு ராத்திரி எதுவும் எடுபடவில்லை. கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டு, நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மனைவி இன்னும் ஏசிக்கென்று தனியாகக் காசு எடுத்து வைக்கிறாள். நான் தடுக்கவில்லை. அய்யனுக்கு 80 ஆகப்போகிறது. இன்னொரு தரம் பேச்சு குழறினால் கொள்கையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன், அன்றைக்கே வாங்கிவிடுவேன். வாசலில் கட்டில் போட இடமில்லாத டவுன் வீட்டுக்காரர்கள் ஏசி வைத்திருப்பதைக் கேலி பேசுவதையும் விட்டுவிட்டேன்.

இப்போதைக்கு ஆடு நாலும் பட்டியில்தான் நிற்கிறது. அய்யனுக்கு இருக்கிற ஒரே புகார் சாப்பாட்டில். "இன்னைக்கும் பீர்க்கங்காயா?" என்கிறார். நாலு காயைக் கொடியிலேயே முற்றவிட்டு விதை எடுத்து வைத்திருக்கிறேன். தைக்குள் வேண்டுமென்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் என்னிடம் கேளுங்கள், கைப்பிடி அளவு தருகிறேன்.