இலையில் விருந்தினர் பங்கு

சுப்ஹுத் தொழுகை முடிந்த வேளையில் உங்கள் வீட்டு வாசலில் எந்தப் பறவையின் குரல் கேட்கிறது? சற்று நினைத்துப் பாருங்கள்.

நம் முன்னோர் வாழ்ந்த ஓட்டு வீடுகளில் இப்படியொரு கேள்விக்கே இடமிருந்ததில்லை. முற்றத்தில் காயவைத்த நெல்லைக் கொத்த வந்த சிட்டுக்குருவிகள், உத்திரத்து இடுக்கிலேயே கூடும் கட்டிக்கொண்டன. வைக்கோல் துணுக்குகள் பாயில் உதிர்ந்தாலும் அக்கூட்டைக் கலைக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. இன்றோ முற்றத்தைக் கூரை மூடிவிட்டது. கொல்லையைச் சிமெண்டு மூடிவிட்டது. குருவிகள் நம்மை விட்டுப் போய்விட்டன என்று குறைபட்டுக் கொள்கிறோம். கதவை அடைத்தவர்கள் நாமல்லவா?

இதை எழுதும் நானும் இக்குற்றத்திற்கு விலக்கானவன் அல்லன். எங்கள் கொல்லையில் ஓர் எலுமிச்சைச் செடியும் அதனருகே ஒரு செம்பருத்தியும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எலுமிச்சையின் தளிர்களைச் சில புழுக்கள் தின்னக் கண்டேன். பார்ப்பதற்குப் பறவையின் எச்சம் போலவே இருந்தன. "வாப்பா, இது என்ன புழு?" என்று என் இளைய மகள் கேட்டாள். "செடியைக் கெடுக்கிற புழு" என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்து பூச்சிமருந்து வாங்கிவந்து இரு செடிகளுக்கும் தெளித்தேன்.

செம்பருத்தியின் இலைகளைத் தைத்து, அதனுள் ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கூட்டில் குஞ்சுகள் இறந்து கிடந்தன. நான் தெளித்த மருந்துதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற என்னால் இயலாது. ஆனால் அதுவன்று என்று என் மகளிடம் சொல்லவும் என்னால் இயலவில்லை.

புழுவும் குஞ்சும்

பிறகுதான் இதுபற்றிப் படித்தறிந்தேன். நான் கொன்றவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற செடிகளின் தளிர்களில்தான் அது முட்டையிடும். புழு இளமையில் எச்சத்தின் தோற்றத்தையும், வளர்ந்தபின் இலையின் பச்சை நிறத்தையும் கொண்டு பகைவரிடமிருந்து தப்புகிறது. பின்னர் கூட்டுப்புழுவாகி, சிறகு விரித்துப் பறக்கிறது. புழுவுக்கு இலை தர மனமில்லாதவர் வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்ப்பது எவ்வாறு நியாயமாகும்?

குருவியின் நிலையும் இதுவே. வளர்ந்த சிட்டுக்குருவி தானியத்தைத் தின்று வாழும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குத் தாயும் தந்தையும் முதல் நாட்களில் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன. மாடியில் அரிசியைத் தூவிவிட்டுச் செடியில் நஞ்சைத் தெளித்தால், பெற்றோருக்கு விருந்து வைத்துப் பிள்ளைகளைப் பட்டினி போட்டவர்களாவோம்.

சிறிய இடமே போதும்

"எங்களுக்குக் கொல்லையே இல்லையே!" என்று நகரத்துச் சகோதரிகள் கேட்கலாம். மாடியில் நான்கு தொட்டிகள் வைக்க இடமிருந்தால் போதும். ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் இட்லிப்பூ, ஒன்றில் துளசி என வைத்துப் பாருங்கள். கொல்லை உள்ளவர்கள் முருங்கை, மாதுளை, மருதாணி ஆகியவற்றை வளர்க்கலாம். முருங்கைப்பூவுக்குத் தேன்சிட்டு வரும். மருதாணி பூத்தால் தேனீக்கள் வரும். வேலியோரத்தில் தானாக முளைத்த எருக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். அதன் இலையை உண்டு வளரும் புழுவே, கறுப்பு ஓரமிட்ட ஆரஞ்சு நிறச் சிறகுகளோடு பறந்து வருகிறது. எருக்கின் பால் கண்ணில் பட்டால் தீங்கு செய்யும் என்பதால் சிறுவர்களை மட்டும் எச்சரித்து வையுங்கள்.

ஒளுச் செய்யும் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதா? அதில் சோப்புக் கலப்பதில்லை. ஒரு வாய்க்கால் கீறி வாழைக்கோ முருங்கைக்கோ திருப்பி விடுங்கள்.

கோடையில் அகன்ற மண்தட்டு ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்திற்குத் தண்ணீர் வையுங்கள். நடுவில் ஒரு கல்லை வைத்தால் சிறு குருவிகளும் தேனீக்களும் அதன்மேல் நின்று குடிக்கும். நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுவது கட்டாயம். டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது.

நம் வீடுகளில் பூனைகளுக்குக் குறைவில்லை. ஆகவே பூனை பதுங்கக்கூடிய புதரருகே தட்டை வைக்காமல், நாலாபுறமும் திறந்த இடத்தில் உயரமாக வையுங்கள். குருவிக்கென மரப்பெட்டி மாட்டுவோர், மூன்றேகால் சென்டிமீட்டர் அளவில் துளையிட்டு, பூனைக்கு எட்டாத உயரத்தில், வெயிலும் சாரலும் படாத இறவாணத்தின் கீழ் மாட்டவும்.

தோட்டத்து மூலையில் சருகுகள் சிறிது கிடக்கட்டும். தேரை அங்கே தங்கிப் பூச்சிகளைத் தின்னும். வேலிச்செடியில் உள்ள சிலந்தி வலையும் இருக்கட்டும். தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்ட அந்த நூலை எடுத்துச் செல்லும். அசுவினி மொய்த்த கிளையைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மருந்து வேண்டாம்.

ஒரு சிறுவனின் கேள்வி

1896-இல் பம்பாயில் பிறந்த ஸாலிம் அலீ, பத்து வயதளவில் தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. இது உண்ணத்தக்க குருவிதானா என்று ஐயுற்று, தம் மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டு போனார். அவருக்கும் அது தெரியவில்லை. "ஏதோ ஒரு குருவி" என்று தட்டிக் கழிக்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சிறுவரை அனுப்பி வைத்தார். அன்று அங்கே திறந்த கதவுதான் அவரை இந்தியப் பறவையியலின் பேரறிஞராக்கியது. 1985-இல் வெளிவந்த தம் வரலாற்றுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருளிலேயே அவர் பெயரிட்டார்.

அந்த மாமா செய்ததை நான் என் மகளுக்குச் செய்யத் தவறினேன். உங்கள் பிள்ளை "இது என்ன புழு?" என்று கேட்டால், தெரியாவிட்டாலும், "வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தும் விதைத்த பயிரிலிருந்தும் மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக அமையும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாக்கு. மத்ரஸாவில் எத்தனையோ முறை பாடம் நடத்தியும், அதில் கடித்த இலையும் அடங்கும் என்பது எனக்கு உறைத்தது அந்தக் கூட்டைக் கண்ட பிறகே.

இப்போது எங்கள் எலுமிச்சையில் ஓட்டையில்லாத இலைகள் குறைவு. காய்ப்பு குறையவில்லை. சென்ற மாதம் அதிலிருந்து பறந்த வண்ணத்துப்பூச்சியை முதலில் கண்டவள் என் மகள்தான். உங்கள் செடியிலும் விருந்தினருக்கென்று ஒரு பங்கை விட்டு வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அவர்கள் வருவார்கள்.