பெருங்குடல் புற்றுநோய்: முன்கூட்டியே பிடித்தால் பிழைக்கலாம்

உலகில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிக உயிர்களைப் பறிப்பது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடக்கூடிய நோய் இத்தனை பேரைக் கொண்டுபோகிறது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

எங்கே அதிகம், எங்கே குறைவு?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டென்மார்க், நார்வே, ஹங்கேரி போன்ற நாடுகளில் பாதிப்பு அதிகம். தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் குறைவு.

இதற்குப் பரம்பரைதான் காரணமா? அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களை ஆராய்ந்து 1968-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. அந்தக் காலத்தில் ஜப்பானில் இந்த நோய் குறைவு. ஆனால் கடல் கடந்து போனவர்களிடம், அந்தத் தலைமுறையிலேயே, பெருங்குடல் புற்றுநோய் மரணங்கள் அமெரிக்க வெள்ளையர்களின் அளவை நெருங்கின. பின்னாளில் உணவும் வாழ்க்கைமுறையும் மாறிய ஜப்பானிலேயே இந்த நோய் பெருகியது.

எதனால் வருகிறது?

உடல் பருமன், உட்கார்ந்தே கழியும் நாட்கள், மது, புகை, நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு ஆகியவை முக்கியக் காரணங்கள். சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தாலும், நீண்டகாலக் குடல் அழற்சி இருந்தாலும் கூடுதல் கவனம் தேவை.

இளவயதினரையும் விடவில்லை

அமெரிக்காவில் முதியவர்களிடம் குறைந்துவரும் இந்த நோய், 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கூடிவருகிறது. அங்கே 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களைவிட 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 2 மடங்கு, மலக்குடல் புற்றுநோய் ஆபத்து 4 மடங்கு. ‘பிளாக் பேந்தர்’ நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆக அமெரிக்க நிபுணர் குழு 2021-இல் குறைத்தது.

பத்தாண்டு அவகாசம்

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ‘பாலிப்’ எனும் சிறு கட்டியாகத் தொடங்குகிறது. குடலின் உள்சுவரில் காளான் முளைத்ததுபோல் இருக்கும். அது புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளாவது ஆகும். அதற்குள், கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் கண்ணில் பட்டால், மெல்லிய கம்பிச் சுருக்கை மாட்டி அப்போதே அறுத்து எடுத்துவிடலாம்.

நெதர்லாந்து இந்த அவகாசத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது. 2014 முதல் அங்கே, 55 முதல் 75 வயதுவரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் ஒரு சிறு குழாய் வருகிறது. அதன் மூடியோடு சேர்ந்த குச்சியால் மலத்தைக் குத்தி எடுத்து, குழாயில் போட்டு மூடித் திருப்பி அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவையும் சோதனை காட்டிவிடும். அப்படி இருந்தால் மட்டுமே கொலோனோஸ்கோபி. முதல் ஓரிரு ஆண்டுகளில், மறைந்திருந்த நோய்களும் வெளியே வந்ததால் எண்ணிக்கை கூடியது. பிறகு குறையத் தொடங்கியது.

‘மூலம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்

நம் ஊரில் மலத்தோடு ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவுகட்டி, கைவைத்தியத்தில் மாதங்களை ஓட்டிவிடுகிறோம். வெளியே சொல்லக் கூச்சம் வேறு. பலரும் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, மலம் கழித்தும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். உண்மையில் மூலமாகவே இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல், எந்த வயதில் பரிசோதனை தொடங்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.