அன்றாட உணவும் ஓர் அமெரிக்க அம்மையாரும்

பிரெஞ்சு தேசத்துச் சமையலைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய ஹோட்டல்களின் ஆடம்பரத்தையும் நாவில் நுழையாத பெயர்கொண்ட பதார்த்தங்களையும் பற்றியே பேசுவார்கள். அந்நாட்டு உணவின் மகிமை, சாமானியக் குடும்பத்தார் தினந்தோறும் வாங்கி உண்ணும் ரொட்டியிலும் முட்டையிலும் பாலாடைக்கட்டியிலும் விளங்குவதை உணர்ந்து, அதைத் தம் தேசத்தாருக்கு எடுத்துரைத்தவர்களில் முதன்மையானவர் ஜூலியா சைல்ட் அம்மையார்.

1912-இல் கலிபோர்னியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜூலியா, இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க உளவு இலாகாவில் சேர்ந்து, கண்டி நகரில் உத்தியோகம் பார்க்கையில் பழகிய பால் சைல்டை 1946-இல் மணந்தார். கணவருக்குப் பாரிஸில் அரசாங்கப் பதவி கிடைக்கவே, 1948 நவம்பரில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கிய தம்பதிகள், வழியில் ரூவான் நகரத்து விடுதி ஒன்றில் மத்தியான போஜனத்துக்கு அமர்ந்தனர். நாக்கு மீனை மாவில் லேசாகப் புரட்டி, வெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து பரிமாறிய அந்த எளிய பதார்த்தமே அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது.

பாரிஸில் அவருக்குக் கடைவீதியே முதல் பள்ளிக்கூடமாயிற்று. கமாம்பேர் என்னும் பாலாடைக்கட்டியை விலைக்குக் கேட்டால், நல்ல கடைக்காரி உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். இன்றிரவுக்கா, நாளை மத்தியானத்துக்கா என்று விசாரித்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அந்த வேளைக்குப் பக்குவமாகக் கனிந்திருக்கும் ஒன்றையே தேர்ந்து கொடுப்பாள். ஏனெனில் அது நாளுக்கு நாள் உள்ளே இளகி முதிர்வது, முந்தினால் சுண்ணாம்புபோல் வறண்டிருக்கும், பிந்தினால் நெடி ஏறிவிடும்.

1949-இல் கோர்தோன் ப்ளூ சமையற் கலாசாலையில் சேர்ந்தபோது, வயது முதிர்ந்த மாக்ஸ் புய்ஞார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். முட்டையைக் கலக்கி வேகவைப்பது தமக்குத் தெரிந்த வேலைதான் என்றிருந்த மாணவிக்கு அவர் அதையே புதிதாகக் கற்பித்தார்: வாணலியில் வெண்ணெய் பூசி, அடித்த முட்டையை ஊற்றி, மெல்லிய அனலில் பொறுமையாகக் கிளறி, இறுகத் தொடங்கிய கணத்திலேயே இறக்கி, மேலும் வேகாதிருக்கச் சிறிது பாலேடு சேர்க்க வேண்டும். அமெரிக்க இல்லங்களில் தினமும் செய்கிற அதே முட்டைதான். சிரத்தை சேர்ந்ததும் அது வேறொரு பதார்த்தமாகிவிட்டது.

இந்த ஞானத்தைத் தம் நாட்டுப் பெண்டிருக்கு வழங்க விரும்பி, சிமோன் பெக், லூயிசெத் பெர்தோல் என்னும் இரு பிரெஞ்சு மாதர்களுடன் பல ஆண்டுகள் உழைத்து, 1961-இல் பெரிய சமையல் நூலொன்றை வெளியிட்டார். 1963 முதல் தொலைக்காட்சியிலும் கற்பித்தார். பிரான்சில் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும் ரொட்டி அமெரிக்க வீட்டு அடுப்பில் கைகூடாமல் போகவே, நூறு கிலோவுக்கு மேல் மாவைச் செலவிட்டுச் சோதித்தும், ரெமோன் கால்வெல் என்னும் ரொட்டி நிபுணரை அணுகிக் கற்றும், 1970-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதன் செய்முறையை விவரித்தார். மாவு அவசரமின்றிப் புளித்தால்தான் ருசி பிறக்கும். அடுப்பில் நீராவி இருந்தால்தான் மேல்தோல் உடனே கெட்டியாகாமல் ரொட்டி நன்கு உப்பி, பிறகு மொறுமொறுப்பாகும்.

அத்தகைய ரொட்டியும், யந்திரங்களும் அவசரமும் மிகுந்த காலத்தில், பிரான்சிலேயே தரம் குன்றியது. சம்பிரதாய ரொட்டி என்ற பெயரில் விற்பதை உறையவைக்கவோ, செயற்கைச் சரக்குகள் சேர்க்கவோ கூடாது என்று 1993-இல் அரசாங்கமே ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. விற்பவர், சமைப்பவர், உண்பவர் ஆகிய மூவரும் சிரத்தையோடு பேணுகிற வரையில்தான் ஒரு நாட்டின் அன்றாட உணவு உயர்ந்து நிற்கும். அந்தச் சிரத்தையைச் செல்வமோ வம்சமோ தந்துவிடுவதில்லை, இளமை கடந்த பிறகும் அதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு, முப்பத்தாறு வயதில் பிரான்சுக்குப் போய்க் கற்ற அந்த அம்மையாரின் வாழ்க்கையே தக்க சான்று.