நேர்க்கூற்றும் அயற்கூற்றும்

தமிழ்நாட்டின் வட எல்லையை அடுத்து, ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஊர் தடா. கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் தடா நிலையம் வரும். இங்கு வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, வகுப்பறையில் ஆங்கிலம். ஆகையால், ஒருவர் கூறியதை மற்றொருவருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு அவர்களுக்கு அடிக்கடி வந்து சேர்கிறது.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். மலர்விழி தடாவில் ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுமி. ஒரு திங்கட்கிழமை இரவு அவள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பாட்டி உறங்கிவிட்டார். அம்மா தொழிற்சாலையில் இரவுப் பணியில் இருந்தார். மருத்துவமனைச் செவிலியர் தெலுங்கில் கூறியதன் பொருள் இது:

“நாளை காலை உன் பாட்டிக்கு இரத்தப் பரிசோதனை. உணவு எதுவும் கொடுக்க வேண்டா.”

மலர்விழி அதனை அப்படியே தமிழில் ஒரு தாளில் எழுதி, மேசைமேல் வைத்துவிட்டு உறங்கினாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வீடு திரும்பிய அம்மா தாளைப் படித்தார். ‘நாளை’ என்றால் புதன்கிழமை என்று எண்ணிப் பாட்டிக்கு இட்லி கொடுத்தார். மலர்விழி கண்விழித்தபோது பாட்டி உண்டு முடித்திருந்தார்.

மலர்விழி ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆயினும் செய்தி மாறிவிட்டது. சொல்லை மாற்றாததே அதற்குக் காரணம்.

நேர்க்கூற்று, அயற்கூற்று

ஒருவர் கூறியதை அவர் கூறியவாறே மேற்கோள் குறிக்குள் எழுதுவது நேர்க்கூற்று. அதனையே எடுத்துரைப்பவர் தம் கூற்றாக மாற்றி, மேற்கோள் குறியின்றி எழுதுவது அயற்கூற்று.

நேர்க்கூற்று: “நான் நாளை வருவேன்” என்று மாமா கூறினார்.
அயற்கூற்று: தாம் மறுநாள் வருவதாக மாமா கூறினார்.

நான், இங்கே, இன்று, நாளை போன்ற சொற்களின் பொருள் அவற்றைக் கூறும் ஆளையும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. தடாவில் நிற்பவருக்குத் தடா ‘இங்கே’. சென்னையில் இருப்பவருக்கு அதே ஊர் ‘அங்கே’. ஆகவே, கூற்று ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாறும்போது இச்சொற்களும் மாறுகின்றன.

நான் – தான்
நாங்கள் – தாங்கள்
எனது – தனது
இது – அது
இங்கே – அங்கே
இப்பொழுது – அப்பொழுது
இன்று – அன்று
நேற்று – முன்னாள்
நாளை – மறுநாள்

இப்பட்டியலைப் பொருளறிந்து பயன்படுத்த வேண்டும். திங்கட்கிழமை கூறியதைத் திங்கட்கிழமையே எடுத்துரைத்தால் ‘நாளை’ மாற வேண்டுவதில்லை. கேட்பவர் எந்த நாளில் கேட்பார் என்பது உறுதியாகத் தெரியாவிடின் கிழமையைக் குறிப்பிடுவதே நன்று.

ஆங்கிலத்தோடு ஒரு வேறுபாடு

ஆங்கில வகுப்பிலும் இம்மாற்றம் கற்பிக்கப்படுகிறது. அங்கும் ‘டுமாரோ’ என்பது ‘தி நெக்ஸ்ட் டே’ என்று மாறும். ஆனால் ஆங்கிலத்தில் மற்றொரு மாற்றமும் உண்டு. கூறினார் என்னும் வினை இறந்தகாலத்தில் இருந்தால், உள்ளிருக்கும் வினையும் பெரும்பாலும் ஒரு படி பின்னோக்கிச் செல்லும். ‘ஈஸ்’ என்பது ‘வாஸ்’ ஆகும். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும்.

தமிழில் அவ்வாறு காலத்தைப் பின்னோக்கி நகர்த்துவதில்லை.

நேர்க்கூற்று: “மழை பெய்கிறது” என்று அம்மா கூறினார்.
அயற்கூற்று: மழை பெய்வதாக அம்மா கூறினார்.

ஆங்கில விதியை நினைத்துக்கொண்டு ‘மழை பெய்ததாக அம்மா கூறினார்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும். அம்மா கூறுவதற்கு முன்பே மழை பெய்தது என்று ஆகிவிடும். “மழை பெய்தது” என்று அம்மா கூறியிருந்தால் மட்டுமே ‘பெய்ததாக’ என்பது பொருந்தும்.

வினாவும் கட்டளையும்

வினாவை மாற்றும்போது வினாச்சொல்லோ வினா எழுத்தோ மறைவதில்லை. வினாக்குறி மட்டும் நீங்கும்.

“நீ எங்கே போகிறாய்?” என்று அக்கா தம்பியிடம் கேட்டாள்.
தம்பி எங்கே போகிறான் என்று அக்கா கேட்டாள்.

“தொடர்வண்டி வந்துவிட்டதா?” என்று தாத்தா கேட்டார்.
தொடர்வண்டி வந்துவிட்டதா என்று தாத்தா கேட்டார்.

கட்டளையும் வேண்டுகோளும் ‘படி’ என்னும் ஈறு பெறும்.

“கதவை மூடு” என்று அப்பா கூறினார்.
கதவை மூடும்படி அப்பா கூறினார்.

‘தான்’ செய்யும் உதவி

‘அவன் வருவதாக முருகன் கூறினான்’ என்றால் வருபவன் வேறொருவன். ‘தான் வருவதாக முருகன் கூறினான்’ என்றால் வருபவன் முருகனே. ஆங்கிலத்தில் இவ்விரண்டு இடங்களிலும் ‘ஹீ’ என்னும் ஒரே சொல் வருவதால், யாரைக் குறிக்கிறது என்பதைச் சூழலைக் கொண்டே அறிய வேண்டும். தமிழில் ஐயத்திற்கு இடமில்லை. பெரியோரைக் குறிக்கும்போது ‘தான்’ என்பது ‘தாம்’ ஆகும் என்பதையும் மறத்தல் ஆகாது.

தெலுங்கில் ஓர் உறவு

ஆங்கிலத்தில் ‘தட்’ என்னும் இணைப்புச் சொல் கூற்றுக்கு முன்னே வரும். தமிழில் ‘என்று’ என்பது கூற்றுக்குப் பின்னே வரும். தெலுங்கிலும் ‘அனி’ என்னும் சொல் அதே இடத்தில் வருகிறது. சொல்லுதல் என்னும் பொருளுடைய ‘என்’ என்னும் வினையிலிருந்து ‘என்று’ பிறந்தது. அதே பொருளுடைய ‘அனு’ என்னும் தெலுங்கு வினையிலிருந்து ‘அனி’ பிறந்தது. தடாவின் கடைவீதியில் ‘அனி’ என்று கேட்கும் பிள்ளைகள், அவ்விடத்தில் ‘என்று’ என்பதை வைத்துப் பார்த்தால் இவ்வொற்றுமை எளிதில் விளங்கும்.

நினைவில் கொள்க

அயற்கூற்றாக மாற்றும் முன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். யார், யாரிடம் கூறினார்? எங்கிருந்து கூறினார்? எப்பொழுது கூறினார்? இவற்றுக்கு ஏற்பச் சொற்கள் மாறலாம். கூறியவர் கருதிய பொருள் மாறலாகாது.

மலர்விழி பின்வருமாறு எழுதியிருந்தால் பாட்டியின் பரிசோதனை தவறியிருக்காது:

‘செவ்வாய்க்கிழமை காலை பாட்டிக்கு இரத்தப் பரிசோதனை இருப்பதாகவும், அதற்குமுன் உணவு எதுவும் கொடுக்க வேண்டா என்றும் செவிலியர் திங்கட்கிழமை இரவு கூறினார்.’

பயிற்சி

அ. அயற்கூற்றாக மாற்றுக.

1. “நான் இன்று பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைப் பார்த்தேன்” என்று கண்ணன் கூறினான்.
2. “நாங்கள் நாளை சூலூர்ப்பேட்டைக்குச் செல்வோம்” என்று மாணவர்கள் கூறினார்கள்.
3. “உன் புத்தகம் எங்கே?” என்று ஆசிரியர் வள்ளியிடம் கேட்டார்.
4. “ஏரிக்கரையில் குப்பை போடாதீர்கள்” என்று காவலர் கூறினார்.

ஆ. நேர்க்கூற்றாக மாற்றுக.

1. தனக்குத் தெலுங்கு பேசத் தெரியும் என்று வள்ளி கூறினாள்.
2. மறுநாள் தாம் ஊருக்குத் திரும்புவதாகத் தாத்தா கூறினார்.

இ. வீட்டில் ஒருவர் வேறு மொழியில் கூறிய செய்தி ஒன்றைத் தமிழில் அயற்கூற்றாக எழுதுக. மறுநாள் அதனைப் படிப்பவருக்கும் பொருள் மாறாமல் விளங்குமா என்று சரிபார்க்க.