176 எடையுள்ள ஓட்டு

வருசநாட்டில் இலவம்பஞ்சு மூட்டையைப் பார்த்து விலை பேச முடியாது. மலைபோலத் தெரியும், தராசில் ஏற்றினால்தான் கணக்குத் தெரியும். ஓட்டுக்கும் அப்படி ஓர் எடை உண்டு. ஆளுக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டும் சமம் என்பது ஜனநாயகத்தின் முதல் விதி. வாக்குச்சாவடிக்குள் அது முழு உண்மை. அங்கிருந்து கிளம்பிய பிறகு அந்த ஓட்டு போகும் பாதைதான் வியப்பு.

2019 ஏப்ரல் 18 அன்று வருசநாட்டுக்காரர்கள் இரண்டு பொத்தான்களை அழுத்தினார்கள். ஒன்று தேனி மக்களவைத் தொகுதிக்கு, மற்றது ஆண்டிபட்டி சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. தேனியில் அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் வென்றார். அந்த மே மாதம் எண்ணிய 38 தமிழ்நாட்டுத் தொகுதிகளில் அந்த அணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அதே தேனிக்குள் அடங்கிய ஆண்டிபட்டியில் தி.மு.க.வின் மகாராஜன், எதிரே நின்ற தன் சகோதரர் லோகிராஜனைத் தோற்கடித்தார். டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று தனித்தனியாகக் கேட்டால் மக்கள் தனித்தனியாகவே பதில் சொல்வார்கள். அமெரிக்காவில் அதிபர், செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் என்று தனித்தனியே தேர்ந்தெடுப்பதும் இதற்காகத்தான்: அதிகாரம் முழுவதும் ஒரே கைக்குப் போய்விடக் கூடாது.

ஆண்டிபட்டிக்கு இன்னொரு பெருமை. 1984இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே இங்கே வென்றார், முதல்வரானார். 2006இல் ஜெயலலிதாவும் இங்கே வென்றார்; ஆனால் முதல்வராகவில்லை. இரண்டு முறையும் ஆண்டிபட்டி தேர்ந்தெடுத்தது ஒரு சட்டமன்ற உறுப்பினரை மட்டுமே. முதல்வரை முடிவு செய்வது 234 பேர் கொண்ட அவையின் பெரும்பான்மை.

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போடும் குடியரசுத் தலைவர் தேர்தலில்தான் தராசு வெளிப்படையாக வருகிறது. 1971 கணக்குப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 12 லட்சம். அதை 234ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. ஆண்டிபட்டி உறுப்பினர் போடும் ஓர் ஓட்டின் மதிப்பு அது. உத்தரப்பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. இதில் ஒரு நுட்பம்: 2022இல் நாட்டின் எல்லா சட்டமன்ற உறுப்பினர்களின் மதிப்பையும் கூட்டினால் 5,43,231. நாடாளுமன்ற உறுப்பினர் 776 பேருக்கும் தலைக்கு 700 வைத்தால் 5,43,200. மாநிலங்கள் ஒரு தட்டு, நாடாளுமன்றம் மறு தட்டு. முள் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது!

அமெரிக்கத் தராசு வேறு மாதிரி. அங்கே மக்கள் போடும் ஓட்டு, அதிபரைத் தேர்வு செய்யும் 538 பேர் கொண்ட ‘தேர்வாளர் குழு’வைத்தான் அமைக்கிறது. எவ்வளவு சிறிய மாநிலமானாலும் 3 தேர்வாளர்கள் உறுதி. அதனால் வயோமிங்கில் சுமார் 1.9 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். போதாததற்கு, 48 மாநிலங்களில் ஓர் ஓட்டு முந்தினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் முந்தியவருக்கே. 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடுதலாகப் பெற்றும் டிரம்ப்பிடம் தோற்றது இப்படித்தான். சிறிய மாநிலங்களின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்துக்கு இது மிகப் பெரிய விலை என்றே எனக்குப் படுகிறது.

நம் கணக்கு ஏன் 1971இலேயே நிற்கிறது? குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே சென்ற மாநிலங்கள் அதனாலேயே செல்வாக்கை இழக்கக் கூடாது என்று 1976இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி எண்ணிக்கையை நிறுத்திவைத்தார்கள். 2026க்குப் பின் வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை அந்தப் பூட்டு இருக்கும். கணக்கெடுப்பாளர் உங்கள் கதவைத் தட்டும்போது, நேற்றுப் பிறந்த குழந்தையையும் விடாமல் சொல்லுங்கள். 176 அடுத்து என்னவாகும் என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது.